கோடியக்கரைக்குத் தனியாகப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

கோடியக்கரைக்குப் போகிறேன் என்று சொன்னதும் பறவை பார்க்கும் நண்பர்கள் ஆளாளுக்குப் பட்டியல் அனுப்பினார்கள். பூநாரை எந்தப் பக்கம் நிற்கும், கரண்டிவாயனை எங்கே தேட வேண்டும், ஆலாக்களை எந்த வெளிச்சத்தில் பார்த்தால் இனம் பிரிக்க முடியும் என்று எல்லாமே வந்து சேர்ந்தது. ஆனால் சதுப்பில் காலையில் காய்ந்து கிடந்த தரை மத்தியானத்துக்கு மேல் என்ன ஆகும், ஒரு பெண் தனியாகப் போனால் ராத்திரி எங்கே தங்குவது, ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத வெளியில் அரை நாளைக்கு என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் எல்லாரும் ஆண்கள், கூட்டமாகக் காரில் போய் வந்தவர்கள். இதெல்லாம் அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அதனால்தான் எனக்கு நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். கிழக்குக் கடற்கரை தெற்கே இறங்கி வந்து, பாக் நீரிணைப் பக்கமாகச் சட்டென்று மேற்கே திரும்புகிற முனைதான் கோடியக்கரை. வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியில் அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்புச் சத்தியாகிரகத்தின் நினைவுத் தூணைப் பார்க்கலாம். 1967-ல் வெளிமான்களைக் காப்பாற்றுவதற்காகச் சரணாலயம் ஆக்கினார்கள். காடும் புல்வெளியும் ஒரு பக்கம் என்றால், மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும் நீளும் பெரிய உப்புச் சதுப்பு இன்னொரு பக்கம். 2002-ல் இது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலுக்குப் போன முதல் ஈரநிலம் இதுதான். அதன் பரப்பு 38,500 ஹெக்டேர். இந்த எண் எனக்கு முன்பே தெரியும். சதுப்புக்கு நடுவே நின்றால் நாலு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நிழலுக்கு ஒரு மரம்கூட இருக்காது என்பதை அந்த எண் சொல்லவில்லை.

ஜனவரி கடைசியில், திருச்சியிலிருந்து தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகப் பஸ்ஸில் வேதாரண்யம் போய் இறங்கியபோது இருட்டிவிட்டது. ஆன்லைனில் அறை போட்டு 1,200 ரூபாய் கட்டியிருந்தேன். லாட்ஜ் வாசலில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கூட யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன். "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா" என்று சொல்லி, நான் நீட்டிய ஆதார் அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. பணத்தை ஆன்லைனிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். இன்றுவரை வரவில்லை. தோளில் பைனாகுலர் பை, கையில் ஸ்டாண்டு, ராத்திரி எட்டரை மணிக்குத் தெருவில் நிற்கிறேன். பயத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று, சொந்தச் சம்பாத்தியம், ஓர் அறைக்கு ஜாமீன் போல ஓர் ஆண் வேண்டியிருக்கிறது. பக்கத்து மெஸ்ஸில் சாப்பாடு போட்ட அம்மாதான் தனக்குத் தெரிந்த இன்னோர் இடத்துக்குப் போன் போட்டுச் சொன்னார். அங்கே 1,800 ரூபாய். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

தனியாகப் போகும் பெண்கள் ஆன்லைன் ரசீதை நம்ப வேண்டாம். முன்கூட்டியே லாட்ஜுக்கே போன் செய்து, "நான் ஒரே ஆள்தான், பெண், அறை உண்டா?" என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். சரி என்று சொன்னவர் யார் என்று பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடியக்கரையிலேயே வனத்துறை ஓய்வு இல்லம் இருக்கிறது, ஆனால் முன்னதாகவே அனுமதி வாங்க வேண்டும். இரண்டும் அமையவில்லை என்றால் வேளாங்கண்ணியில் தங்கிவிடலாம். தூரம் கூடுதல்தான். ஆனால் மாதா கோயிலுக்குத் தனியாக வரும் பெண்களை அந்த ஊர் தினம் பார்க்கிறது, யாரும் எதுவும் கேட்பதில்லை.

மறுநாள் விடியலில் ஆட்டோ. நாள் முழுக்க 1,600 என்று பேசி, பாதிப் பணம் முன்பணமாகக் கொடுத்தேன். வனத்துறை அலுவலகத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனபோது புல்வெளியில் பனி இன்னும் கலையவில்லை. வெளிமான்களைப் பார்க்க அந்த நேரம்தான் சரி. ஆண் மான் முதுகு கருத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு, முறுக்குக் கொம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நடந்தது. பெண் மான்கள் அது நடப்பதைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்தன. கொஞ்சம் தள்ளி மட்டக்குதிரைக் கூட்டம். யாரோ எப்போதோ வளர்த்து விட்டு, காட்டோடு காடாகிப் போனவை. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் இந்தக் கரையைத்தான் அடித்துப் போட்டது. காட்டில் விழுந்த மரங்களும் செத்துப்போன மான்களும் எத்தனையோ. அதை நினைத்துக்கொண்டு பார்த்ததால், ஒரு குட்டி துள்ளிக்கொண்டு தாயின் பின்னால் ஓடியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இங்கேயே இன்னும் ஒரு மணி நேரம் இருந்திருக்கலாம். ஆனால் மனசு முழுக்கச் சதுப்பில் இருந்தது.

சதுப்பு ஓரத்தில் ஒரு கரைப் பக்கம் ஆட்டோ நின்றது. "பதினோரு மணிக்கு இங்கயே நிப்பேன்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனார். கரை மேல் கொஞ்ச தூரம் நடந்தால், இடது கைப்பக்கம் தண்ணீர் வற்றி வெள்ளை பூத்த தரை. அதில் மீன் பிடிக்கிறவர்கள் போய் வந்த காலடித் தடம் வரிசையாகத் தெரிந்தது. தரை கெட்டியாக இருந்தது. தடத்தின் மேலேயே நடந்து ஒரு மேட்டுக்குப் போய் ஸ்டாண்டை ஊன்றினேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி நிற்க வேண்டும், பறவைகளுக்கு நாம் நெருங்கி வருகிற உணர்வு வராத தூரத்தில் நிற்க வேண்டும். அந்த இடம் இரண்டுக்குமே பொருத்தமாக இருந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. வாத்துக் கூட்டம் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு முனகல். அப்புறம் பைனாகுலரில் ஒரு நீளமான வெள்ளைக் கோடு, கோட்டுக்கு நடுவே சிவப்பு. பூநாரைகள். நூற்றுக்கணக்கில் நின்றன. கட்ச் ரண் போன்ற உப்பு வெளிகளில் முட்டையிடும் பறவைகள் இவை. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் இளசுகளும் நின்றன, அவற்றுக்குச் சிவப்பு ஏற இன்னும் சில வருஷம் ஆகும். ஒன்றை மட்டும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைக் கவிழ்த்து அலகைத் தண்ணீருக்குள் விட்டு, இரண்டு காலாலும் ஒரே இடத்தை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே சுற்றி வந்தது. மிதிக்க மிதிக்க அடிச்சேறு கலங்கி மேலே வருகிறது, அதில் இருக்கும் சின்ன இரால் வகை உயிர்களை அலகால் சலித்தெடுக்கிறது. முழுச் சுற்று முடிந்ததும் ஓரடி நகர்ந்து மறுபடி மிதிக்கும். அவசரமே இல்லை. அந்தச் சமயத்தில் ராத்திரி பட்டதெல்லாம் எனக்கு மறந்தே போயிற்று.

பூநாரையை எல்லாரும் பார்ப்பார்கள். எனக்கு உள்ளான்கள் என்கிற சின்னக் கரைப்பறவைகள்தான் உயிர். தண்ணீர் ஓரச் சேற்றில் கொசு உள்ளான்கள் தைத்துக்கொண்டே போகிற மாதிரி அலகை வேகவேகமாகக் குத்திக்கொண்டு ஓடின. ஒன்றின் எடை முப்பது கிராம்கூட வராது, ஆர்க்டிக் கரையில் பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. கூடவே வளைமூக்கு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, தூரத்தில் தனியாக ஒரு கோட்டான் (ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை). ஒரு வளைமூக்கு உள்ளானின் காலில் சின்ன வண்ணப்பட்டி தெரிந்தது. இப்படிப் பட்டி கட்டிய பறவையைப் பார்த்தால் படம் எடுங்கள், இடம், நேரம், எந்தக் காலில் எந்த நிறம் மேலே எது கீழே என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாட்டில் கட்டியது என்று அந்த நிற வரிசையே சொல்லிவிடும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையம் போட்டு வருகிறது. பார்த்ததை அவர்களுக்கு எழுதி அனுப்பலாம். நானும் அனுப்பினேன்.

பத்து மணி சுமாருக்கு ஒரு கார் வந்து கரை மேல் நின்றது. இறங்கிய பையன்கள் கை தட்டிக் கத்தினார்கள், பூநாரை பறந்தால் றெக்கைச் சிவப்பு வீடியோவில் நன்றாக விழும் என்பதற்காக. மொத்தக் கூட்டமும் எழும்பியது. உள்ளான்களும் சிதறிப் போய்விட்டன. அந்தப் பையன்களுக்கு அது அரை நிமிஷ வீடியோ. பறவைக்கு, காலையிலிருந்து தின்றுசேர்த்ததில் ஒரு பங்கு போயிற்று. திரும்பிப் போகிற பயணத்துக்கு உடம்பில் கொழுப்பு ஏறினால்தான் அது ஊர் போய்ச் சேரும். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. தனியாக நிற்கிறவள் நாலு பேரிடம் சண்டைக்குப் போக முடியாது என்பதும் தெரிந்தது, அதனால் இன்னும் கோபம் வந்தது. அப்படி யாராவது செய்தால் கார் எண்ணைக் குறித்துக்கொண்டு வனத்துறையிடம் சொல்லுங்கள். நான் சொல்லிவிட்டுத்தான் ஊருக்கு வந்தேன்.

பதினோரு மணிக்கு ஆட்டோ வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை, அப்புறம் சிக்னலே இல்லை. பன்னிரண்டு மணிக்குப் போன் சூடேறித் தானாக அணைந்துவிட்டது. கரைக்குத் திரும்பலாம் என்று வந்த தடத்தைத் தேடினால் தடமே இல்லை. காலையில் காய்ந்திருந்த இடத்தில் இரண்டு விரல்கடை தண்ணீர் மினுமினுத்துக்கொண்டிருந்தது. மழை இல்லை, வாய்க்காலை யாரும் திறந்துவிடவும் இல்லை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. காலை வைத்தேன். மேலே இருந்த உப்புப் பொருக்கு அப்பளம் போல நொறுங்கி, முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. இன்னொரு காலை எடுத்து வைத்தேன், அதுவும் போயிற்று. இழுத்தால் ஷூ சேற்றிலேயே நின்றுவிட்டு வெறும் கால் மட்டும் வந்தது. சமாளிக்கக் கையை ஊன்றியதில் பைனாகுலர் சேற்றுக்குள் மூழ்கி எழுந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பெண்கள் யாரும் வெளியே சொல்வதில்லை. காலையிலிருந்து நான் தண்ணீர் குடித்தது மொத்தமாக ஒரு டம்ளர் இருக்கும். பையில் இரண்டு லிட்டர் இருந்தது. குடித்தால் ஒதுங்க வேண்டும், அந்த வெளியில் எங்கே ஒதுங்குவது? பஸ் பயணத்திலிருந்து கல்யாண மண்டபம் வரைக்கும் நாங்கள் எல்லாரும் செய்து பழகியதுதான் இது. ஆனால் உப்புத் தரை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது, தொப்பி போட்டாலும் கீழேயிருந்து சுடுகிறது. ஜனவரிதானே என்று நினைக்க வேண்டாம். கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டது. கண் எரிந்து நீர் வடிந்தது, தூரத்துக் கரை இரண்டாகத் தெரிந்தது. யாரையாவது கூப்பிடலாம் என்றால் நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இங்கே விழுந்தால் ராத்திரி வரைக்கும் யாருக்கும் தெரியாது என்று தோன்றியபோது அழுதுவிட்டேன்.

அந்தப் பக்கம் உப்பளத்தில் மழைக்காலம் முடிந்து பாத்திகளைச் சீர் செய்துகொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஓர் அக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கரைக்கு ஓடி வந்தார். "நில்லு தங்கச்சி, அசையாத. நேரா வராத. உமரி மொளச்ச எடமாப் பாத்து மிதிச்சு வா" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தால் பத்தடி தள்ளிச் சிவப்பும் பச்சையுமாக உமரிச் செடி கொத்துக் கொத்தாக ஒரு வரிசையில் இருந்தது. காலை மேலே இழுக்கக் கூடாது என்றும் அவர்தான் சொன்னார். பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பையைப் பக்கத்தில் போட்டு அதன் மேல் பாரத்தைக் கொடுத்து, காலை மெல்ல ஆட்டி ஆட்டிச் சேற்றுக்கும் காலுக்கும் நடுவே தண்ணீர் இறங்க விட்டு எடுக்க வேண்டும். அப்படித்தான் எடுத்தேன். உமரி வேர் பிடித்த இடத்தில் தரை தாங்குகிறது. அந்தப் பத்தடி போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

கரையேறியதும் உப்பு போட்ட நீராகாரம் ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்தார். வேறெதுவும் கேட்கவில்லை, முதலில் குடிக்க வைத்தார். அப்புறம்தான் விளக்கினார். "கொண்டல் ஏறுனா தண்ணி இந்தப் பக்கம் தள்ளிட்டு வந்துரும், மத்தியானத்துக்கு மேல தரவுல எறங்க மாட்டோம்." கொண்டல் என்றால் கிழக்கேயிருந்து வீசும் கடற்காற்று, தரவு என்று அவர் சொன்னது இந்தச் சதுப்புத் தரையை. சதுப்பில் தண்ணீர் ஆழம் குறைவு, பரப்போ பெரிது. கடற்காற்று பலமாக வீசினால் தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் நகர்கிறது. மீன் பிடிக்கிறவர்கள் காற்றைப் பார்த்துக் காலையிலேயே போய்த் திரும்பிவிடுகிறார்கள், அவர்கள் தடம் காலைக்கு மட்டும்தான் செல்லும். பறவை பார்க்க நண்பர்கள் அனுப்பிய பட்டியல் எதிலும் காற்று என்ற சொல்லே இல்லை. ஆகவே கரையை விட்டு இறங்க வேண்டாம். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் உள்ளூர் ஆளோடு, கையில் கம்போடு, காற்று ஏறும் முன் திரும்பிவிடுகிற மாதிரி இறங்குங்கள். நல்ல டெலஸ்கோப் ஒன்று இரவல் கிடைத்தால் கரை மேலிருந்தே பெரும்பாலும் பார்த்துவிடலாம்.

அக்காவின் மகன் பைக்கில் கொண்டுவந்து வேதாரண்யத்தில் விட்டான். பெட்ரோலுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை. ஆட்டோக்காரர் சாயங்காலம் போனை எடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஒரு சவாரி வந்துவிட்டது என்றார். இருக்கலாம். முன்பணம் 800 போனது போனதுதான். வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், கூடுதலாக ஆனாலும் வண்டியைக் கூடவே நிறுத்திவைத்துக்கொள்ளுங்கள். எங்கே இறங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்று வனத்துறை அலுவலகத்தில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். முக்கியமான எண்களைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். போனை வெயில் படாமல் நிழலில் வையுங்கள்.

ஊருக்கு வந்த மறுநாள் குளிர் காய்ச்சல், சிறுநீர் போனால் எரிச்சல். தண்ணீர் குடிக்காமலும் அடக்கியும் வைத்ததால் வந்த தொற்று என்று டாக்டர் சொன்னார். மருந்தும் பரிசோதனையும் சேர்த்து 1,400 ரூபாய், ஒரு வாரம் படுக்கை, அலுவலகத்தில் லீவு. பைனாகுலர் சர்வீஸுக்கு 3,200. உப்புத் தண்ணீர் பட்ட கண்ணாடியை அங்கேயே துண்டால் துடைத்ததில் கீறல் விழுந்துவிட்டது, அது இனிப் போகாது. உப்புத் தண்ணீர் பட்டால் துடைக்காமல், நல்ல தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் முதலில் உப்பைக் கரைத்து எடுக்க வேண்டும்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்று சொன்னால் மட்டும் போதாது, ஒதுங்க வழியும் சொல்ல வேண்டும். பெண்கள் நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் சிறு புனல் மருந்துக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. வீட்டில் ஓரிரு முறை பழகிக்கொண்டு எடுத்துப் போங்கள். கூட ஒரு பெரிய குடையும் பழைய புடவையும் இருந்தால் வெட்டவெளியிலும் மறைப்பு கட்டிக்கொள்ளலாம், குடை நிழலுக்கும் ஆகும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு கட்டாயம். ஷூ வேண்டாம், பின்பக்கம் வார் போட்ட செருப்பு நல்லது, சேறு பிடித்தாலும் காலோடு வரும். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி, பைனாகுலரைக் கீழே இறக்கும் நேரமெல்லாம் போட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது போவது என்பதற்கும் ஒரு சொல். வடகிழக்கு மழை அதிகமாகப் பெய்த வருஷத்தில் டிசம்பரில் தண்ணீர் ஆழமாக நிற்கும், கொசு உள்ளான் போன்ற குட்டைக்காலிகளுக்கு நிற்க இடம் இருக்காது. ஜனவரி பாதிக்கு மேல் தண்ணீர் வடிய வடியச் சேறு வெளியே வரும், பறவைகளும் கூடும். தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்குப் பொங்கல் சமயம் நல்லது. 2015-லிருந்து வருஷா வருஷம் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, அதில் சேர்ந்தால் பக்கத்து ஊர்களில் பறவை பார்க்கிறவர்கள் பழக்கமாவார்கள். எனக்கும் அப்படித்தான் மூன்று பெண்கள் கிடைத்திருக்கிறார்கள். பிப்ரவரி கடைசியில் நாலு பேருமாகப் போகிறோம். காரை நாள் முழுக்க நிறுத்திவைப்பதாகப் பேசியாயிற்று, வாடகை திரும்பி வந்த பிறகுதான். உப்பளத்து அக்கா ஒரு நாள் கூலி வாங்கிக்கொண்டு எங்களோடு கரையில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு பைனாகுலர் கூடுதலாக எடுத்துப் போகிறேன்.